24,500 டாலர் கேட்கிறார்கள், கொடுக்கலாமா? மூன்று பழைய மோட்டார்ஹோம்கள், ஒரே கணக்கு

போன செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை. காபி ஆறுவதற்குள் நண்பர் போனில் மூன்று விளம்பரங்களைக் காட்டிவிட்டார். மூன்றும் பழைய மோட்டார்ஹோம்கள். சமையலறை, படுக்கை, கழிப்பறை எல்லாவற்றையும் சக்கரத்தின் மேல் தூக்கிவைத்த வீடுகள். 1974 வின்னபேகோ பிரேவ், 7,800 டாலர். ஜெனரல் மோட்டார்ஸ் செய்த 1976 ஜிஎம்சி, 26 அடி நீளம், 24,500 டாலர். டொயோட்டா பிக்கப் சேசிஸ் மேல் கட்டிய 1984 சன்ரேடர், 21 அடி, 18,900 டாலர்.

“அண்ணாச்சி, எது நியாயமான விலை? நீங்க சொன்னாத்தான் வீட்டுல ஒத்துக்குவாங்க” என்றார். நாங்கள் இருப்பது மிச்சிகனில், டெட்ராய்ட்டுக்கு வடக்கே. இந்தப் பக்கத்துத் தமிழர்கள் பலரைப் போல எனக்கும் கார் உதிரிபாகத் தொழிலில்தான் பிழைப்பு. அதனால் வண்டி என்றால் எனக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை. அடுத்த மூன்று வார இறுதிகள் இதற்கே போயின.

விளம்பர விலையை வைத்து மூன்றையும் ஒப்பிட்டால் வின்னபேகோதான் ஜெயிக்கும். அது ஒப்பீடே இல்லை. நான் போட்ட கணக்கு வேறு: எல்லா வேலையும் முடிந்து, நாளைக்கே கிளம்பலாம் என்கிற நிலையில் இதே மாடல் என்ன விலைக்குக் கைமாறுகிறது? அதிலிருந்து இந்த வண்டிக்குப் பாக்கியிருக்கும் வேலையின் செலவைக் கழி. மிஞ்சுவதுதான் இதன் விலை. விற்பவர் இதுவரை எவ்வளவு கொட்டினார், தாத்தா காலத்து நினைவு எத்தனை, இதெல்லாம் அவர் பாடு.

முதலில் பார்க்க வேண்டியது எஞ்சின் அல்ல, தண்ணீர். எஞ்சின் கெட்டால் கழற்றிவிட்டு வேறொன்று மாட்டிவிடலாம். கூரை ஒழுகி உள்ளே இறங்கிய தண்ணீர் வண்டியையே தின்றுவிடும்.

வின்னபேகோவில் ஏறியதுமே மூக்கு சொல்லிவிட்டது. அடைமழைக்காலம் முழுக்கப் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தால் ஒரு வாசம் வருமே, அதேதான். ஐயோவா மாநிலத்தின் ஃபாரஸ்ட் சிட்டியில் செய்த இந்த வண்டிகளின் சுவர் ஒரு சாண்ட்விச். வெளியே அலுமினியத் தகடு, நடுவே தெர்மாகோல் மாதிரி ஃபோம், உள்ளே மெல்லிய பிளைவுட், எல்லாம் பசையால் ஒட்டியது. ‘தெர்மோ பேனல்’ என்று பெருமையாகப் பெயர் வைத்திருந்தார்கள். எடை குறைவு, குளிர் தாங்கும். ஆனால் முன்கூரையின் சின்ன விளக்குகளைச் சுற்றியுள்ள சீலன்ட் காய்ந்து வெடித்தால், தண்ணீர் அந்த வழியாக இறங்கி ஃபோமுக்கும் பிளைவுட்டுக்கும் நடுவே தங்கிவிடும். வெளியே வெயில் அடித்தாலும் உள்ளே காயாது.

ஓட்டுநர் இருக்கைக்கு மேலுள்ள அலமாரியைத் திறந்து, மூலையில் கட்டைவிரலால் அழுத்தினேன். ஊறின அப்பளம் போல உள்ளே போயிற்று. விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. அந்த இடத்தில் மட்டும் சுவருக்குப் புது ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். பழைய வண்டியில் ஓர் இடம் மட்டும் புதுசாக இருந்தால் அங்கேதான் அழுத்திப் பார்க்க வேண்டும்.

ஜிஎம்சியின் கட்டுமானம் வேறு ரகம். எலும்புக்கூடு அலுமினியம், மேல்தோல் அலுமினியமும் ஃபைபர்கிளாஸும். சுவருக்குள் உளுத்துப் போக மரச்சட்டமே கிடையாது. ஜன்னல் ஓரம் ஒழுகும்தான், ஆனால் கெடுவது தரைப் பிளைவுட்டும் திரைச்சீலையும்தான். பின்மூலைகளில் தரையைக் காலால் மிதித்துப் பார்த்தோம், கெட்டியாக இருந்தது. சன்ரேடர் இன்னும் எளிமை. மொத்தக் கூடும் ஃபைபர்கிளாஸில் இரண்டே துண்டுகளாக வார்த்து இணைத்தது. படகு மாதிரி. இணைப்பு குறைவு, ஆகவே ஒழுகல் வாய்ப்பும் குறைவு. இந்தச் சின்ன வண்டிக்கு இவ்வளவு விலையா என்று கேட்பவர்களுக்குப் பாதிப் பதில் அந்தக் கூட்டில் இருக்கிறது.

அடுத்தது ஓடும் பாகங்கள். இங்கேதான் ஜிஎம்சியைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிப் பேச வேண்டும், நான் வேலைக்குப் போகும் வழியிலுள்ள பான்டியாக் ஊரில் செய்த வண்டி என்கிற ஊர்ப்பாசமும் சேர்ந்துதான். 1973 முதல் 1978 வரை சுமார் 13,000 வண்டிகள் செய்தார்கள். ஓல்ட்ஸ்மொபீல் டொரனாடோ காரின் வி8 எஞ்சினையும் முன்சக்கர இயக்கத்தையும் அப்படியே தூக்கி வைத்தார்கள். 1976 வண்டியில் இருப்பது 455 கன அங்குலம், அதாவது ஏழரை லிட்டர். இரண்டு முன்னிருக்கைகளுக்கு நடுவே தரையிலுள்ள மூடியைத் தூக்கினால் எஞ்சின் தெரியும். பின்னால் போகும் நீளத் தண்டும் இல்லை, குறுக்கே கனமான அச்சும் இல்லை. பின்னால் பக்கத்துக்கு இரண்டு சக்கரம், நடுவே ஸ்பிரிங்குக்குப் பதிலாக வண்டியைத் தாங்கும் காற்றுப் பை. அதனால் தரை மட்டம் ரோட்டிலிருந்து 14 அங்குலம்தான். நண்பரின் அம்மா அடுத்த கோடையில் பாளையங்கோட்டையிலிருந்து வருகிறார், முழங்கால் வலிக்காரர். வின்னபேகோவின் படியைப் பார்த்ததும் நண்பர் முகம் சுருங்கியது எனக்கு நினைவிருக்கிறது.

அந்தக் காற்றுப் பைதான் வாங்குபவர் சோதிக்க வேண்டிய இடமும். நாங்கள் போனதும் பின்சக்கர வளைவுக்கும் தரைக்கும் இடையே டேப் வைத்து அளந்து எழுதிக்கொண்டோம். இரண்டு மணி நேரம் உள்ளே வெளியே எல்லாம் பார்த்துவிட்டு மறுபடி அளந்தால், மயிரிழைகூட இறங்கவில்லை. விற்பவர் ஒரு தடித்த ஃபைலைக் கொண்டுவந்தார். பைகள் மாற்றிய ரசீது, கியர்பாக்ஸ் பிரித்துக் கட்டிய ரசீது, பழைய பதினாறரை அங்குல ரிம்களை 16 ஆக மாற்றிய ரசீது. கடைசியது முக்கியம். பதினாறரைக்கு நல்ல டயர் கிடைப்பது குதிரைக் கொம்பு.

ஆனால் டயர்? பக்கவாட்டு எழுத்துகளின் கடைசி நான்கு எண்கள் 2314. 2014ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தது. பட்டன் ஆழமாக இருக்கிறது, பாருங்கள் என்று விற்பவர் காட்டினார். நின்றுகொண்டே கிழடான டயர் அது. ஆறையும் மாற்ற 1,500. ஃபிரிட்ஜ் செத்துவிட்டது, 1,800. ஜெனரேட்டர் இருமிவிட்டு நின்றது. எத்தனால் கலந்த பெட்ரோல் கார்புரேட்டரில் பிசினாகியிருக்கும், 700 வைத்துக்கொள்ளலாம். பிரேக், ஹோஸ், கேஸ் குழாய் சோதனை எல்லாம் சேர்த்து 2,000. ஆக 6,000.

சன்ரேடருக்கு வருவோம். டொயோட்டாவின் 22ஆர் எஞ்சின், 2.4 லிட்டர், சரியாகப் பார்த்துக்கொண்டால் உழைக்கும். இரவு முழுக்க ஆறிய வண்டியை நாங்கள் வந்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தோம். முதல் சில நொடிகள் முன்பக்கத்தில் கலகலவென்று ஒரு சத்தம், பிறகு அடங்கிவிட்டது. டைமிங் செயினின் பிளாஸ்டிக் கைடு தேய்ந்திருக்கலாம். 1,200.

பெரிய விஷயம் பின்சக்கரம். விளம்பரத்தில் ‘ஒன் டன் ஆக்ஸில்’ என்று போட்டிருந்தது. குனிந்து நட்டுகளை எண்ணினேன். ஐந்து. மறுபடி எண்ணினேன், ஐந்தேதான். டொயோட்டா மோட்டார்ஹோம் வட்டாரத்தில் ஆறு நட்டு என்றால் பாரம் தாங்கும் ஒரு டன் அச்சு. ஐந்து என்றால் சாதாரணப் பிக்கப்பின் அச்சில் வெளியே இன்னொரு சக்கரத்தை ஒட்டவைத்த ஏற்பாடு. அது எடை தாங்காமல் முறிந்து சக்கரம் கழன்ற சம்பவங்களுக்குப் பிறகு, அமெரிக்காவில் திரும்பப் பெறும் அறிவிப்பே வந்தது. விற்பவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை, அவரும் யாரோ சொன்னதைக் கேட்டு வாங்கியவர்தான். இருந்தாலும் அவர் கேட்டது ஆறு நட்டு விலை. பழைய வண்டியிலிருந்து நல்ல அச்சு தேடிப் பிடித்து மாற்ற 3,000 ஆகும்.

மைலேஜ் எவ்வளவு என்று எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். ஜிஎம்சி கேலனுக்கு ஒன்பது மைல், சன்ரேடர் பதினைந்து என்று வைப்போம். கோடையில் 2,000 மைல் ஓட்டினால் வித்தியாசம் 90 கேலன். கேலன் மூன்றரை டாலர் என்றால் சுமார் 310 டாலர். ஒரு ஃபிரிட்ஜ் விலையில் ஆறு வருடக் கோடைப் பெட்ரோல் வித்தியாசம் வந்துவிடும். வருடத்துக்கு இரண்டு தடவை கிளம்பும் குடும்பத்துக்கு மைலேஜ் பெரிய விஷயமே இல்லை.

வின்னபேகோவின் டாட்ஜ் எஞ்சின் அருமையாக ஓடியது, அதையும் சொல்லிவிட வேண்டும். அந்தத் தலைமுறை டாட்ஜ் சேசிஸ்கள் சிலவற்றில் இரண்டு துண்டு ரிம் வரும், காற்றடிக்கும்போது வெடித்துவிடும் என்று பல டயர் கடைகள் தொடவே மாட்டார்கள். இதில் அது இருக்கிறதா என்று நான் குனியக்கூட இல்லை. முன்பக்கச் சுவரையும் கூரையையும் பிரித்துக் கட்ட எனக்குத் தெரிந்த பட்டறையில் கேட்டேன். 20,000க்குக் கீழே கை வைக்க மாட்டோம் என்றார்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

இனிக் கணக்கு. நாங்கள் அந்த வருடம் கவனித்த விற்பனைகளில், வேலை முடிந்த இதே ரக வின்னபேகோ 15,000 போனது. அதில் 20,000 கழித்தால் மைனஸ் 5,000. சும்மா கொடுத்தாலும், ஓட்டிப்போகச் சொல்லி அவர்கள் 5,000 தர வேண்டும். சொந்தமாக மரவேலை தெரிந்து, இரண்டு குளிர்காலத்தை கராஜில் கழிக்கத் தயாராக இருப்பவருக்குக் கதை வேறு. நண்பருக்குச் சுவரில் ஆணி அடிக்கவே நான் போக வேண்டும். ஆறு நட்டுள்ள நல்ல சன்ரேடர் 20,000. செயினும் அச்சும் சேர்த்து 4,200 போனால் 15,800. கேட்பது அதைவிட 3,100 அதிகம். பேசினால் இறங்கியிருப்பார். ஆனால் ஐந்து பேர் போக வேண்டிய குடும்பத்துக்கு 21 அடி பத்தாது. இரண்டு பிள்ளைகளையும் அம்மாவையும் அந்தச் சின்னக் கூட்டுக்குள் அடைத்துக்கொண்டு போவதா? கணவன் மனைவி இருவர் மட்டும் என்றிருந்தால் நான் சன்ரேடரைத்தான் கைகாட்டியிருப்பேன், தயங்காமல்.

ஜிஎம்சிக்கு வேலை முடிந்த விலை 28,000. ஆறாயிரம் போக 22,000. கேட்டது 24,500. மூன்றில் இதுதான் தன் விலைக்கு மிக அருகில் நின்றது. டொரனாடோவின் அந்த கியர்பாக்ஸ் 1978உடன் நின்றுவிட்டதே, நாளைக்குப் பாகம் கிடைக்குமா என்று நண்பர் பயந்தார். ஜெனரல் மோட்டார்ஸின் வேறு பெரிய வண்டிகளில் வந்த ‘400’ என்கிற ரக கியர்பாக்ஸோடு உள்பாகங்கள் பல ஒன்றுதான். மிச்சத்தை, இந்த வண்டிக்கென்றே வாழும் சிறு பட்டறைகள் புதிதாகச் செய்து விற்கின்றன.

கையில் காசோலையோடு போனபோது அக்டோபர் கடைசி. விற்பவர் குழாய்கள் உறைந்து வெடிக்காமலிருக்கப் பிங்க் நிறத் திரவம் ஊற்றி, குளிர்காலத்துக்கு மூடிவிட்டிருந்தார். பம்ப், ஹீட்டர், டாங்க் எதையும் தண்ணீர் விட்டுப் பார்க்க முடியாது. பார்க்காத குழாய்க்கு 1,500 கழித்து 20,500 சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, “ஏப்ரலில் வாருங்கள், தண்ணீர் ஓட்டிக் காட்டுகிறேன். ஒழுகாவிட்டால் 22,500” என்றார். நண்பர் என்னைப் பார்த்தார், நான் டயரைப் பார்த்தேன். 500 முன்பணம் கொடுத்து, ஒழுகினால் திருப்பித் தருவதாக எழுதி வாங்கிக்கொண்டு வந்தோம்.

அம்மாவுக்கு மே மாத டிக்கெட் போட்டாகிவிட்டது.