சந்தேக நோய் உள்ள முதியவர் வீட்டுக்கு வைஃபை கேமரா: வாங்கலாமா?

வயதானவர் தன் துணையைச் சந்தேகப்பட்டு, "நான் தூங்கினதும் எவனோ வந்துட்டுப் போறான்" என்று சொல்லத் தொடங்கியதும், பல பிள்ளைகள் முதலில் வாங்குவது வீட்டுக்குள் மாட்டும் கேமரா. நாலு நாள் பதிவைப் போட்டுக் காட்டினால் சந்தேகம் தீர்ந்துவிடும் என்று நம்புகிறார்கள். அந்த வேலைக்கு இந்தக் கருவி உதவாது. உள்ளதையும் கெடுக்கும்.

அசைவு தெரிந்தால் மட்டும் பதிவு செய்யும் முறையில் துண்டுக்குத் துண்டு நேரம் தாவும். ஒன்று 2.10-க்கு முடிந்து அடுத்தது 2.47-க்குத் தொடங்கினால், அந்த இடைவெளியே அவருக்குச் சாட்சி: "நடுவுல இருந்ததை அழிச்சுட்டா." தொடர் பதிவுக்கு மாற்றினால் மெமரி கார்டு சில நாளில் நிரம்பி, பழையது அழிந்து புதியது ஏறும். போன மாதப் பதிவைக் கேட்பார், இருக்காது. இரவுப் பதிவில் வம்பு இன்னும் அதிகம். அகச்சிவப்பு வெளிச்சத்தில் லென்ஸை ஒட்டிப் பறக்கும் பூச்சி, வெள்ளைப் பந்து போலப் படத்தைக் கடக்கும். நமக்கு அது பூச்சி, அவருக்கு ஜன்னல் வழியே எவனோ அடித்த டார்ச். பேசும் வசதி வழியாக மகன் "அப்பா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால், ஆளில்லாத அறையில் ஆண் குரல் கேட்கும். கேமராவை மாட்டிய அன்றே ஸ்பீக்கரை அணைத்துவிடுங்கள்.

படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் இதுதான் நடக்கும். ஆதாரம் போதாமல் வந்த சந்தேகமல்ல இது, மூளையில் உருவான டெலூஷன், அதாவது எந்த ஆதாரம் காட்டினாலும் அசையாத பொய் நம்பிக்கை. அல்சைமர், பக்கவாதம், நீண்ட நாள் குடி, பார்கின்சன் என்ற நடுக்க நோய்க்குத் தரும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் மாத்திரைகள் என எதிலிருந்தும் வரலாம். லூயி பாடி என்ற மறதிநோய் வகையில் இல்லாத ஆள் கண்ணுக்கே தெரிவார்.

ஆகவே செலவை முதலில் முதியோர் மனநல மருத்துவரிடம் செய்யுங்கள். சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், சந்தேகம் தொடங்கிய தேதியையும் கொண்டுபோங்கள். இரண்டு மூன்று நாளில் திடீரென்று கிளம்பி, கூடவே தடுமாற்றமும் இருந்தால், சிறுநீர்த் தொற்றோ சோடியம் குறைவோ இருக்கலாம். அன்றே காட்ட வேண்டும். நினைவாற்றல் சோதனை, தைராய்டு, வைட்டமின் பி12, மூளை ஸ்கேன், காது கேட்கும் திறன் ஆகியவற்றைப் பார்ப்பது வழக்கம். சரியாகக் கேட்காத காதுக்குப் பக்கத்து அறைப் பேச்செல்லாம் ரகசியம்தான். துணைவரிடம் மருத்துவர் தனியாகப் பேச வேண்டும், மருத்துவராக அதைச் செய்யாவிட்டால் நீங்களே கேளுங்கள். அடி, மிரட்டல் போன்றவை அந்தத் தனிமையில்தான் வெளிவரும்.

டெலூஷனைக் குறைக்கும் மனநல மருந்தான ரிஸ்பெரிடோன் தந்தால் பெரும்பாலும் 0.25 மி.கி. அளவில்தான் தொடங்குவார்கள். மறதிநோயுள்ள முதியவர்களுக்கு இவ்வகை மருந்துகள் இறப்பு அபாயத்தைக் கூட்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இல் எச்சரித்தது. எனவே எப்போது குறைப்பது, எப்போது நிறுத்துவது என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். லூயி பாடி என்ற ஐயம் இருந்தால் இதே வேலைக்குத் தரும் பழைய மருந்தான ஹாலோபெரிடால் ஆபத்து, உடல் விறைத்துப்போகும்.

கேமராவுக்கு நியாயமான வேலையும் உண்டு. கூடத்தில் விழுந்துவிட்டாரா, அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறதா என்று பார்க்கலாம். படுக்கையறையும் குளியலறையும் கூடவே கூடாது. இரவில் வெளியே போய்விடுவார் என்ற பயம் மட்டும்தான் என்றால் வாசல் கதவில், அது திறந்தால் தெரிவிக்கும் காந்த சென்சார் போதும். அதில் வாதாடப் படமே இல்லை என்பதால் நாங்கள் அதையே பரிந்துரைக்கிறோம்.

ஏற்கெனவே கேமரா மாட்டியிருந்தால் அதன் செயலியை அவர் போனிலிருந்து நீக்குங்கள், பதிவைப் போட்டுக் காட்டாதீர்கள். கேட்டால் வாதம் வேண்டாம். சமாதானத்துக்காக "ஆமாம், தப்பு செய்தேன்" என்று துணைவர் ஒருபோதும் ஒப்புக்கொள்ளக் கூடாது. "உங்களுக்கு மனசு கஷ்டமா இருக்குன்னு தெரியுது, நான் இங்கேயேதான் இருக்கேன்" என்று சொல்லிப் பேச்சை வேறு வேலைக்குத் திருப்பலாம். கத்தியைத் தேடினாலோ கொல்வேன் என்றாலோ அன்றிரவே துணைவரை வேறு வீட்டில் தங்கவைத்துவிட்டு, மருத்துவரைக் கூப்பிடுங்கள்.