ஆட்டுத் திருடனா, சீட்டுக்காரரா: எது பெரிய குற்றம்?

போச்சம்பள்ளிப் பக்கம் எங்கள் ஊரில் ஒரே வருடத்தில் இரண்டும் நடந்தன. எங்கள் பட்டியிலிருந்து இரண்டு வெள்ளாடுகளை ராத்திரியோடு ராத்திரியாகத் தூக்கிப் போனார்கள். அப்புறம், ஏலச்சீட்டு நடத்தியவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு கிளம்பிவிட்டார். ஸ்டேஷன், வக்கீல் என்று இரண்டுக்கும் அலைந்தால் பிழைப்பு கெடும். நான் ஆட்டை விட்டுவிட்டுச் சீட்டைப் பிடித்தேன். “திருடனை விட்டுட்டு இவர் பின்னாடி சுத்தறீங்களே மாமா” என்று மச்சினனுக்கு இன்னும் ஆற்றாமை.

ஊர்க் கணக்கில் ஆட்டுத் திருட்டுதான் பெரிது. ஆள் சிக்கினால் கம்பத்தில் கட்டிவைத்து அடிப்பார்கள் (அடிப்பதும் குற்றம்தான், அதை யார் கணக்கில் சேர்க்கிறார்கள்). சீட்டுக்காரருக்கோ, “பாவம், அவருக்கும் எங்கேயோ பணம் மாட்டிக்கிச்சு” என்று பரிந்து பேச நாலு பேர் உண்டு.

சட்டத்தின் கணக்கு வேறு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தில் சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. ஏமாற்றிப் பணம் வாங்கியிருந்தால் 7 ஆண்டு வரை போகலாம். முதல் தடவை, 5,000 ரூபாய்க்குக் கீழ், பொருளையும் திருப்பிக் கொடுத்துவிட்டான் என்றால் திருடனுக்குச் சமூக சேவைதான் தண்டனை. கோழி திருடுகிறவனுக்கு நல்ல காலம். வீட்டுக்குள் திருடினால் அதுவும் 7 ஆண்டு வரை ஏறும்.

அமெரிக்காவில் 1964-இல் வெளியான ஆய்வு ஒன்றில் செலின், வுல்ஃப்கேங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் குற்றங்களின் கடுமைக்கு மாணவர்கள், போலீஸ்காரர்கள், நீதிபதிகளிடம் மதிப்பெண் போடச் சொன்னார்கள். திருடுபோன தொகை பத்து மடங்கானாலும் குற்றம் பத்து மடங்கு பெரிதாக அவர்களுக்குப் படவில்லை. எங்கள் ஊரிலும் அப்படித்தான். ஆட்டு விலை எல்லார் மனக்கண்ணிலும் நிற்கிறது. லட்சங்கள் வெறும் எண்ணாகிப் போகின்றன.

ஆனால் நான் சீட்டுப் பக்கம் சாய்ந்தது தொகைக்காக இல்லை. ஆடு போனால் தெருவில் நின்று கத்தலாம். பக்கத்து வீட்டுக்காரர் டார்ச் எடுத்துக்கொண்டு கூடவே தேட வருவார், வெள்ளிக்கிழமை குந்தாரப்பள்ளிச் சந்தையில் யாராவது கண் வைத்திருப்பார்கள். சீட்டு போனால் பாதிப் பேருக்கு வாயைத் திறக்கவே முடியாது. புகாருக்குக் கையெழுத்து கேட்டு வீடு வீடாகப் போனபோதுதான் இது புரிந்தது. ஒரு அக்கா சீட்டு நோட்டை அரிசிப் பானைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினார். உள்ளங்கை அளவு நோட்டு, மாதாமாதம் தேதி, தொகை, சீட்டுக்காரரின் கிறுக்கல் கையெழுத்து. பார்க்கவிட்டு மறுபடி அரிசிக்குள்ளேயே புதைத்துவிட்டார். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் கட்டிய பணம். கையெழுத்துப் போட்டால் தெரிந்துவிடும். இன்னொரு வீட்டில் நாத்தனார் பேச்சை நம்பிச் சேர்ந்தவர்கள். இப்போது இரண்டு குடும்பமும் ஒரே கல்யாணத்தில் தனித்தனிப் பந்தியில் உட்காருகிறார்கள். எந்தத் திருடனும் எங்களுக்குள் இப்படிப் பகை மூட்டியதில்லை.

பணம் திரும்புமா என்ற கேள்வி இருக்கிறது. முதலீட்டாளர்களைக் காக்க 1997-இல் வந்த தமிழ்நாட்டுச் சட்டத்தில், ஏமாற்றிய நிதி நிறுவனத்தின் சொத்தை முடக்கி விற்று, பணம் கட்டியவர்களுக்குப் பிரித்துத் தர வழி உண்டு. எங்கள் விஷயம் அதற்குள் வருமா என்பதை வக்கீல் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆட்டுக்கு அந்த வழியும் கிடையாது. கறிக்கடைக்குப் போனதை யார் முடக்குவது?

திருட்டுப் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. ரெண்டு ஆட்டை வைத்தே பிழைக்கும் கிழவிக்கு அது போனால் எல்லாமே போச்சு. அவரிடம் என் கணக்கைச் சொல்ல எனக்கு வாய் வராது. அப்புறம், நான் பேசுவது யாரும் பார்க்காதபோது எடுத்துப் போகிற திருட்டைப் பற்றி மட்டும்தான். ஓசூர் ரோட்டில் கத்தியைக் காட்டித் தாலிக்கொடியைப் பறிப்பதை இந்தத் தராசில் வைக்க மாட்டேன். அந்தப் பயத்தை நான் பட்டதில்லை. பட்டவர்கள்தான் சொல்ல வேண்டும்.