கோ கெர் என்று சொல்லி ரோலுவோஸைக் காட்டினார்கள்: சியம் ரீப் போகிறவர்கள் கவனத்துக்கு

அங்கோர் வாட், பாயோன், தா ப்ரோம் மூன்றையும் கூட்டத்தோடு கூட்டமாகப் பார்த்து முடித்தவர்களுக்கு அடுத்து ஓர் ஆசை வரும். காட்டுக்குள் ஆளில்லாமல் கிடக்கும் பழைய கெமெர் கோவில்களையும், வழியில் ஒன்றிரண்டு கிராமங்களையும் பார்த்துவிட வேண்டும் என்று. கம்போடியாவில் அங்கோர் கோவில்களுக்குப் பக்கத்து ஊரான சியம் ரீப்பில் அந்த ஆசைக்கென்றே ஒருநாள் சுற்றுலா விற்கிறார்கள். நேர்மையாக நடத்துகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எங்களுக்கு வாய்த்தவர்கள் அந்த ரகம் இல்லை. பெயரைப் போடவில்லை. பலகையை மாற்றிக்கொண்டு அதே வியாபாரத்தைத் தொடர்வது அந்த ஊரில் சுலபம் என்பதால், எப்படி ஏமாற்றுகிறார்கள் என்பதைத்தான் எழுதுகிறேன்.

அங்கோர் வாட்டுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லி வேறு எதையும் காட்ட முடியாது. அந்தக் கோபுரங்கள் நாட்டின் கொடியிலேயே இருக்கின்றன. காட்டுக்குள் கிடக்கும் பழைய தலைநகரமான கோ கெர் அப்படியா? பார்க்காதவருக்கு எந்த இடிந்த செங்கல் கோபுரமும் கோ கெர்தான். அதிகம் பேர் அறியாத கோவில் என்று விற்பதில் இருக்கிற வசதியே இதுதான்.

அம்மா, மனைவி, நான் மூன்று பேர். தங்கியிருந்த விடுதிக்குப் பக்கத்துக் கடையில் பதிவு செய்தோம். ஆளுக்கு 75 டாலர், கார், வழிகாட்டி, மதிய உணவு, நுழைவுச்சீட்டு எல்லாம் அடக்கம். காலை ஆறரைக்குக் கிளம்பி முதலில் கோ கெர், அப்புறம் பெங் மேலியா என்ற இடிந்த கோவில், கடைசியாக தொன்லே சாப் ஏரிக்கரையில் கொம்போங் க்ளியாங் என்ற கால்நட்ட வீடுகள் உள்ள கிராமம். தாளில் அழகாக அச்சடித்து, கோ கெரின் ஏழு அடுக்குப் பிரமிடு படத்தையும் போட்டுக் கொடுத்தார்கள்.

நுழைவுச்சீட்டு விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் பிடுங்குவது அங்கேதான் தொடங்குகிறது. அங்கோர் கோவில்களைப் பார்க்க வாங்கும் அங்கோர் பாஸ் ஒரு நாளைக்கு 37 டாலர், மூன்று நாளைக்கு 62, ஏழு நாளைக்கு 72. 2017 முதல் இதே விலை. உங்கள் முகத்தைப் படம் எடுத்து அச்சடித்துத் தருவார்கள், மூன்று நாள் பாஸை பத்து நாளுக்குள் பயன்படுத்தலாம். பெங் மேலியாவுக்கு முன்பெல்லாம் தனியாக 5 டாலர் சீட்டு இருந்தது. 2020 முதல் அதுவும் அங்கோர் பாஸுக்குள் வந்துவிட்டது. கோ கெருக்கு மட்டும் தனிச்சீட்டு, 15 டாலர். எங்களிடம் மூன்று நாள் பாஸ் ஏற்கெனவே இருந்தது. கடைக்காரரோ, "அது இந்த இரண்டு இடத்திலும் செல்லாது சார், ஆளுக்கு 20 டாலர் சீட்டுக்காகச் சேர்த்திருக்கிறேன்" என்றார். பாதி உண்மை, பாதி பழைய உண்மை.

ஆறரைக்கு வரவேண்டிய கார் எட்டே காலுக்கு வந்தது. வழிகாட்டி என்று வந்தவரின் கழுத்தில் அட்டை இல்லை. கம்போடியாவில் கோவிலுக்குள் விளக்கம் சொல்ல சுற்றுலா அமைச்சகத்தின் உரிமம் வேண்டும். உரிமம் பெற்றவர்கள் சீருடைச் சட்டையும் அட்டையும் போட்டிருப்பார்கள். கேட்டதற்கு அட்டை வீட்டில் இருக்கிறது என்றார். கிளம்பும்போது, "பாஸையும் எடுத்துக்கொள்ளுங்கள், போலீஸ் கேட்டால் காட்டலாம்" என்று ஒரு வார்த்தை சேர்த்தார்.

ஆறாம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கே போனோம். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, வண்டி வலப்பக்கம் திரும்பி நின்றது. கோ கெர் சியம் ரீப்பிலிருந்து ஏறக்குறைய 120 கிலோமீட்டர். வேகமாகப் போனாலும் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. என்ன ஆயிற்று என்றால், நேற்று இரவு மழையில் கோ கெர் சாலை மூழ்கிவிட்டதாம். "இதுவும் பழைய தலைநகரம்தான், அதே காலம், அதே பாணி, அதை விடவும் நல்லது."

இறங்கிய இடம் ரோலுவோஸ். அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் ஹரிஹராலயம் என்ற தலைநகரம் இருந்த இடம். 879இல் கட்டிய ப்ரேயா கோ என்ற கோவிலில் ஒரே மேடைமீது ஆறு செங்கல் கோபுரங்கள், முன்னால் கோபுரங்களைப் பார்த்தபடி மூன்று நந்திகள். செங்கல்லின் மேல் பூசிய சுதையில் கொடியும் பூவும் அங்கங்கே இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அம்மா நந்தியின் கழுத்தைத் தடவிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். ஆனால் இது ஊரிலிருந்து 13 கிலோமீட்டர். டுக்-டுக்கில் சில டாலருக்கு வந்து போகலாம். எங்கள் கையில் இருந்த பாஸிலேயே அடங்கும். கோ கெர் தலைநகராக இருந்தது 928 முதல் 944 வரை, நான்காம் ஜெயவர்மனும் அவர் மகனும் ஆண்ட காலத்தில். அதே காலம் என்பதில் அரை நூற்றாண்டு இடிக்கிறது.

அடுத்து ரோலுவோஸிலேயே உள்ள பாகோங். சீட்டுப் பரிசோதனை மேசையில் வழிகாட்டி ஒதுங்கி நின்று, எங்கள் பாஸைக் காட்டச் சொன்னார். போலீஸ் கேட்டால் என்று எடுத்துவந்த பாஸ் எதற்கு என்று அப்போது புரிந்தது. நுழைவுச்சீட்டு அடக்கம் என்று காசு வாங்கிக்கொண்டு எங்கள் பாஸிலேயே ஒரு நாளைக் கழித்துவிட்டார்கள்.

பாகோங் 881இல் முதலாம் இந்திரவர்மன் மலை வடிவில் அடுக்கிக் கட்டிய கோவில். அகழி, நீண்ட பாதை, ஐந்து அடுக்கு மணற்கல் மேடை, மூலைகளில் கல் யானைகள், உச்சியில் பிற்காலத்தில் எழுப்பிய கோபுரம். நாங்கள் ஏறத் தொடங்கும்போது வழிகாட்டி கையைக் காட்டி, "இதுதான் உங்கள் தாளில் இருக்கும் பிரமிடு மாதிரி" என்றார். அம்மா படியில் நின்று விரலை மடக்கி மடக்கி எண்ணினார்.

"ஏய்யா, ஏழு அடுக்குன்னுல்ல சொன்ன? அஞ்சுதான இருக்கு."

நான் அதை ஆங்கிலத்தில் கேட்டேன். இரண்டு அடுக்கு மண்ணுக்குள் இறங்கிவிட்டது என்று கொஞ்சமும் சிரிக்காமல் சொன்னார். தாளில் இருந்த பிரமிடுக்கு உச்சியில் கோபுரமே கிடையாது. இங்கே கண்ணெதிரே கோபுரம் நிற்கிறது. மண்ணுக்குள் இறங்கினால் மேலே கோபுரம் முளைக்குமா என்று மனைவி என் காதில் கேட்டாள்.

பெங் மேலியாவுக்கு மட்டும் உண்மையாகவே கூட்டிப்போனார்கள். வழியில் பனைவெல்லம் காய்ச்சும் ஒரு கொட்டகை. அந்த நாளில் எங்களிடம் பொய் சொல்லாத ஒரே ஆள் அதை நடத்திய அம்மாள்தான். பெரிய இரும்புச் சட்டியில் பதநீரைக் காய்ச்சி, துடுப்பால் அடித்து, சின்ன வில்லைகளாக்கிப் பனையோலைக் குழலுக்குள் அடுக்கித் தந்தார். உடன்குடிப் பக்கத்தில் பிறந்த என் அம்மா வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, நம்ம கருப்பட்டியின் காரம் இல்லை, ஆனால் கலப்படமும் இல்லை என்றார். அந்த மரம் அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான். "கிராம வாழ்க்கை" என்று தாளில் போட்டிருந்ததில் பாதி இந்தக் கால் மணி நேரம் என்று பின்னால் தெரிந்தது.

பெங் மேலியாவில் எங்களுக்குக் கொடுத்த நேரம் நாற்பது நிமிடம். அது அங்கோர் வாட்டின் காலத்தை ஒட்டிய, பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கோவில். சரிந்த கல் மலைபோலக் கிடக்க, அதன் மேல் வேர்கள் ஓட, நடுவே மரப்பாலம் அமைத்து நடக்க விட்டிருக்கிறார்கள். நுழைவிடத்தில் பல தலை நாகம் ஒன்று மூக்கு நுனி உடையாமல் நிற்கிறது; அதைப் பார்க்கவே பத்து நிமிடம் வேண்டும். வழிகாட்டி காரைவிட்டு இறங்கவில்லை. உள்ளே அரசாங்கச் சட்டை போல ஒன்றைப் போட்ட ஒருவர் தானாக வந்து, பாலத்தை விட்டு இறங்கிக் கல்மேல் ஏறுங்கள், நல்ல இடம் காட்டுகிறேன் என்று கைகொடுத்தார். முடிவில் பத்து டாலர் கேட்டார். இரண்டு டாலரில் முடிந்தது. வழுக்கும் பாசிக் கல், வயதானவர்கள் கூட இருந்தால் அந்தக் கையைப் பிடிக்காதீர்கள்.

இனி மோசமான பகுதி. கொம்போங் க்ளியாங்குக்குப் போக வேண்டுமானால் பெங் மேலியாவிலிருந்து வந்து தாம் தெக் சந்திப்புப் பக்கம்தான் ஏரியை நோக்கித் திரும்ப வேண்டும். வண்டி அங்கே திரும்பாமல் நேராக சியம் ரீப்புக்கே வந்து, ஊரைத் தாண்டித் தெற்கே போனது. கண்ணுக்கு ஒரு குன்று தெரிந்தது. ப்னோம் க்ரோம். ஏரியின் ஓரத்தில், உச்சியில் மூன்று கோபுரங்கள் கொண்ட பழைய கோவில் இருக்கும் குன்று அது. ஆக நாங்கள் வந்திருப்பது சோங் க்னியாஸ் படகுத்துறை. ஊருக்கு ஆகப் பக்கத்தில் இருக்கும் மிதக்கும் கிராமம், ஆகக் கூட்டமானதும்கூட. "எல்லாம் ஒரே ஏரிதானே?" என்றார் வழிகாட்டி. மழைக்காலத்தில் மேக்கோங் ஆற்றுத் தண்ணீர் எதிர்த்து ஏறி ஐந்தாறு மடங்கு விரியும் ஏரி. அவர் கணக்கில் அதன் எந்தக் கரையும் எங்களுக்குப் போதும்.

படகுக் கட்டணம் அடக்கம் இல்லையாம், அது கிராமத்துக்குப் போகும் பணமாம். ஆளுக்கு 20 டாலர். படகு கொஞ்ச தூரம் போனதும் ஒரு மிதக்கும் கடையில் நின்றது. படகோட்டிப் பையன் மிகவும் உருக்கமாக, இங்கே ஒரு பள்ளி இருக்கிறது, பெற்றோர் இல்லாத பிள்ளைகள், பணம் கொடுக்காதீர்கள், அரிசி வாங்கிக் கொடுங்கள் என்றான். ஐம்பது கிலோ மூட்டை 60 டாலர். மறுநாள் ஊர்ச் சந்தையில் விசாரித்தால் ஏறக்குறைய பாதி விலை. பணம் கொடுக்காதீர்கள் என்று அவர்களே சொல்லும்போது நமக்குச் சந்தேகம் வராது, அதுதான் சூட்சுமம். மூட்டை பள்ளிக்குப் போய் இறங்கும், நீங்கள் படம் எடுத்துக்கொண்டு போவீர்கள், மூட்டை கடைக்குத் திரும்பும் என்று பல பயணிகள் பல ஆண்டுகளாக எழுதி வருகிறார்கள். சியம் ரீப் தெருவில் கைக்குழந்தையோடு வந்து பால்பவுடர் டப்பா கேட்பதும் இதே வகை ஏமாற்றுதான்.

நாங்கள் வாங்கவில்லை. படகு முகம் சுளித்துக்கொண்டு வகுப்பறைக்குப் போனது. பாடம் நடந்துகொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் ஆசிரியர் நிறுத்தினார், பிள்ளைகள் எழுந்து பாடினார்கள். எங்களுக்குப் பின்னால் இன்னொரு படகு. அவர்களுக்கும் அதே பாட்டு. குழந்தைகள் சுற்றுலாக் காட்சிப்பொருள் அல்ல என்று சைல்ட்சேஃப் அமைப்பு கம்போடியாவில் வெகுகாலமாகப் பிரசாரம் செய்துவருகிறது. தாளில் பள்ளி, அநாதை இல்லம் என்று ஒரு வரி இருந்தாலே அந்தச் சுற்றுலாவை விட்டுவிடுங்கள். உதவ மனம் இருந்தால் வேறு நூறு வழி இருக்கிறது.

ஐந்து மணிக்கெல்லாம் விடுதி வாசலில் இறக்கிவிட்டார்கள். ஓட்டுநருக்குத் தொடர்ந்து போன் வந்துகொண்டே இருந்ததன் காரணம் அப்போதுதான் தெரிந்தது: மாலை விமானத்துக்கு ஆள் எடுக்கப் போக வேண்டும். 2023 அக்டோபரில் திறந்த புது விமான நிலையம் ஊரிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேல். கோ கெருக்குப் போயிருந்தால் அந்தச் சவாரி போயிருக்கும். மழையும் இல்லை, வெள்ளமும் இல்லை. அன்றைக்கே கோ கெர் போய் வந்த வேறொரு ஓட்டுநர் சாலை காய்ந்து கிடக்கிறது என்றார்.

கடைக்குப் போய் தாளை மேசைமேல் வைத்தேன். வழிகாட்டியின் முடிவு, எங்களுக்குத் தெரியாது என்றார்கள். கோ கெர் சீட்டு வாங்கியிருந்தால் காட்டுங்கள் என்றேன். பேச்சு நின்றது. சுற்றுலா போலீஸிடம் இந்தத் தாளோடு போகிறேன் என்றதும் சீட்டுக்காக வாங்கிய 60 டாலரைத் திருப்பிக் கொடுத்தார்கள். மீதிக்கு இன்றுவரை பதில் இல்லை. சாலைக் கதையோடு நீங்கள் மல்லுக்கட்ட முடியாது. சீட்டைக் கேட்டால் அவர்களால் தப்ப முடியாது. ஆகவே சீட்டு அடக்கம் என்று யார் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லி, நீங்களே வாங்குங்கள். அங்கோர் பாஸ் சியம் ரீப்பிலுள்ள அரசு கவுண்ட்டரில் கிடைக்கும், கோ கெர் சீட்டு அங்கே வாயிலிலேயே கிடைக்கும். வண்டியை மட்டும் பேசுங்கள்.

பிறகு அப்படித்தான் போனோம். காருக்கு 90 டாலர், விடியற்காலையில் கிளம்பி. ப்ரசாத் ப்ராம் என்ற இடத்தில் கோபுரங்களை வேர்கள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. சிறு சன்னதிகளில் ஆளுயரத்துக்கும் மேலான லிங்கங்கள். ப்ரசாத் தோம் பிரமிடு 36 மீட்டர் உயரம், அம்மா கீழே நின்று எண்ணி ஏழு என்று உறுதி செய்தார். ப்ரசாத் சென்னில் துரியோதனனும் பீமனும் மோத நின்ற சிலைகள் இருந்தன. உள்நாட்டுப் போர்க் காலத்தில் பாதங்களை மட்டும் விட்டுவிட்டு வெட்டிக் கடத்தினார்கள், இரண்டும் 2014இல்தான் அமெரிக்காவிலிருந்து திரும்பின. 2023 முதல் கோ கெர் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம், கூட்டம் இனி கூடத்தான் செய்யும்.

அந்த அச்சடித்த தாளைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். சியம் ரீப்புக்குக் கிளம்புகிறவர்கள் யாராவது இதே வரிகளை, இதே விலையை எங்காவது பார்த்தால் எனக்கு அனுப்புங்கள், ஒப்பிட்டுச் சொல்கிறேன்.