ராம் 3500 டீசல்: ராக்கி மலையில் டிரெய்லர் இழுத்த அனுபவம்

எங்களிடம் இருப்பது 2022 ராம் 3500 பிக்கப் டிரக். நாலு கதவு, 6.7 லிட்டர் கம்மின்ஸ் டீசல், பின் அச்சில் பக்கத்துக்கு ஒரே சக்கரம். சாமான் எல்லாம் ஏற்றினால் 8,800 பவுண்டு வரும் டிராவல் டிரெய்லரை, அதாவது உள்ளே தங்கிக்கொள்ளும் வண்டிவீட்டை, இழுக்கிறோம். வீடு டென்வர் புறநகரில் என்பதால், மேற்கே எங்கே கிளம்பினாலும் மலையேறித்தான் ஆக வேண்டும். இந்தச் சில வருடங்களில் கொலராடோ, யூட்டா பக்கம் நிறைய ஓட்டியாயிற்று. புதிதாக வாங்குகிறவர்களுக்கு உதவுமே என்றுதான் எழுதுகிறேன்.

டிரக் தேடியபோது போன இடமெல்லாம் 3500-க்கு ஒரு படி கீழே உள்ள ராம் 2500-ஐத்தான் காட்டினார்கள். எத்தனை ஆயிரம் பவுண்டு இழுக்கும் என்பதையே ஒரு விற்பனையாளர் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்ன கணக்கு சரிதான், ஆனால் குடும்பத்தோடு போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது பேலோடு. டிரக் தன் முதுகில் எவ்வளவு தாங்கும் என்பது அது. 2500 டீசலில் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து எவ்வளவு வரை போகலாம் என்று அதில் போட்டிருக்கும். நாங்கள் பார்த்த வண்டிகளில் அது 2,000 பவுண்டைச் சுற்றியே இருந்தது. காரணம் எளிது: வண்டியும் அதன் மேல் ஏறும் சுமையும் சேர்ந்த மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டு, டீசல் எஞ்சினோ கனமானது. எஞ்சின் எடுத்துக்கொண்டது போக மிச்சம்தான் நமக்கு.

இப்போது எங்கள் கணக்கைப் பாருங்கள். டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம், டிரக்கோடு அதை இணைக்கும் ஹிட்ச் மேல் வந்து உட்காரும். எங்களுக்கு அது 1,100 பவுண்டு. நாலு பேர் 600. எடையைப் பகிர்ந்து கொடுக்கும் ஹிட்ச் 100. சைக்கிள், ஜெனரேட்டர், அரிசி மூட்டை, கிரைண்டர் எல்லாம் சேர்த்து 250. மொத்தம் 2,050! 18,000 பவுண்டு இழுக்கும் என்று சொல்லப்படும் வண்டி, அதில் பாதிகூட இல்லாத டிரெய்லருக்கே வரம்பைத் தாண்டிவிடுகிறது. அதனால்தான் 3500. விலை வித்தியாசம் பெரிதில்லை, தாங்கும் எடையோ கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டைத் தாண்டிய டிரக்குகளுக்கு அந்த மஞ்சள் ஸ்டிக்கர் கட்டாயமில்லை. அது இல்லாவிட்டால் பேலோடை நாமே கணக்குப் போடலாம். லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப்பில் கேட் ஸ்கேல் எடைமேடை இருக்கும். அதில் வெறும் வண்டியை ஏற்றி, அந்த எடையை மொத்த வரம்பிலிருந்து கழித்துக்கொள்ளலாம்.

அடுத்தது எஞ்சின். டென்வரிலிருந்து ஐ-70 நெடுஞ்சாலையில் மேற்கே போனால் ஐசனாவர் சுரங்கம் வரும். 11,000 அடிக்கு மேல். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் சக்தி இழக்கும் என்பதால், அங்கே மூன்றில் ஒரு பங்கு போய்விடும். டர்போ உள்ள டீசலுக்கு அந்தக் கஷ்டம் குறைவு. எங்கள் வண்டி அந்த ஏற்றத்தில் அலட்டிக்கொள்வதே இல்லை.

ஆனால் நான் டீசலுக்குப் பணம் கொடுத்தது ஏற்றத்துக்காக அல்ல, இறக்கத்துக்காக. சுரங்கம் தாண்டி சில்வர்தார்ன் வரை மைல் கணக்கில் 6, 7 சதவீதச் சரிவு. பிரேக் போன லாரிகள் ஏறி நிற்பதற்கென்றே வழியில் தனிப் பாதைகள் போட்டிருக்கிறார்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பெட்ரோல் எஞ்சின் தானாக வண்டியைப் பிடித்துக்கொள்ளும், டீசல் எஞ்சின் அப்படிப் பிடிக்காது. அதற்குத்தான் எக்ஸாஸ்ட் பிரேக். பொத்தானை அமுக்கினால் டர்போவின் இதழ்கள் மூடி, புகை வெளியேறும் வழியை நெருக்கும். எஞ்சின் திணறி, அந்தத் திணறலே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ஆட்டோ நிலையில் வைத்தால், பிரேக்கை ஒருமுறை தொட்டு எந்த வேகத்துக்கு வந்தோமோ அதையே காக்கப் பார்க்கும். அடிவாரம் வரை பிரேக்கை எப்போதாவதுதான் மிதிக்கிறேன். பின்சீட்டில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டு வருகிறார்கள். இதற்காக எத்தனை டாலர் வேண்டுமானாலும் தகும் என்பது என் எண்ணம்.

சங்கடங்களும் உண்டு. டிரெய்லர் இல்லாமல் போனால் பின்பக்க இலை ஸ்பிரிங் தூக்கித் தூக்கிப் போடும். என் மனைவிக்கு அது பிடிக்கவே இல்லை. ஆயில் மாற்றினால் 12 குவார்ட், டீசல் ஃபில்டர் வேறு இரண்டு. புகையைச் சுத்தப்படுத்தும் யூரியாக் கரைசலான டெஃப் தீராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், தீர்ந்தால் வண்டி வேகத்தைக் குறைத்துவிடும். கரி பிடிக்கும் ஃபில்டர் சூடேறித் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள நெடுஞ்சாலை ஓட்டம் தேவை. கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் ஓட்டினால் அது அடைத்துக்கொள்ளும். நாங்கள் ஊருக்குள் காரைத்தான் எடுக்கிறோம். குளிர்காலத்தில் அரிசோனா போன்ற வெப்பமான இடத்தில் நிரப்பிய டீசலோடு மலைக்குத் திரும்பினால் அது உறைந்து கூழாகலாம். கொலராடோவில் குளிர்காலக் கலவை விற்கிறார்கள், அப்புறம் டாங்கில் ஊற்றும் மருந்தும் கிடைக்கும்.

டிரெய்லர் 5,000 பவுண்டுக்குள் இருந்தால் இவ்வளவு பெரிய வண்டி வேண்டாம், ஃபோர்டு எஃப்-150 போன்ற சிறிய பிக்கப்பே போதும். டெக்சாஸ், கான்சாஸ் போன்ற சமதரையில் மட்டும் ஓட்டுகிறவர்கள் ஃபோர்டின் 7.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் உள்ள எஃப்-250-ஐ ஓட்டிப் பாருங்கள். டீசலுக்கான கூடுதல் பத்தாயிரம் டாலர் அளவு மிச்சமாகும், பேலோடும் கூடும்.