பெரியமேட்டுச் சோல், டெத் வேலிப் பாறை

மலையேற்ற பூட்ஸின் அடி உதிர்ந்துவிட்டால் தூக்கிப் போடுங்கள் என்றுதான் எந்த ஷோரூமிலும் சொல்வார்கள். எனக்கும் அதையே சொன்னார்கள். நான் போன கடையில் இருந்த பையன் என் பூட்ஸைக் கையால்கூடத் தொடவில்லை. 14,000 ரூபாய்க்குப் புதுச் சோடி ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

மேல்தோலில் ஒரு கீறல் கிடையாது. எப்போதோ இமயமலைப் பயணத்துக்காக வாங்கி, அதன்பின் பரணில் கிடந்த பூட்ஸ். இறக்கி மாட்டிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறுவதற்குள், அடியில் இருந்த நுரை ஊறிக் காய்ந்த பொறை மாதிரி படியெல்லாம் உதிர்ந்தது. அந்த நுரை பாலியூரித்தேன். காற்றில் இருக்கும் ஈரம் அதன் பிணைப்புகளை மெல்ல மெல்ல அறுக்கும். நடந்தாலும் நடக்காவிட்டாலும் அறுக்கும். சென்னை வீட்டுப் பரணைவிட அதற்குத் தோதான இடம் வேறு இல்லை. பள்ளியில் வேதியியல் நடத்துகிறவள் என்பதால் இதை நீட்டி முழக்க எனக்கு ஆசைதான். ஆனால் இது பெரியமேட்டில் ஒரு தொழிலாளி செய்து கொடுத்த வேலையைப் பற்றிய மதிப்புரை.

பெரியமேடு சென்னையின் தோல் வியாபாரப் பேட்டை என்பது ஊருக்கே தெரியும். நேரு விளையாட்டு அரங்கத்தை ஒட்டிய சைடன்ஹாம்ஸ் சாலையில் இறங்கிச் சந்துகளுக்குள் புகுந்தால் தோல், சோல், பக்கிள், பசை, நூல் என்று செருப்பாகும் அத்தனையும் தனித்தனியாகக் கிடைக்கும். அப்படி ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து வேலை செய்கிறார் ஒரு பெரியவர். பெயர்ப் பலகை கிடையாது. பூட்ஸை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார், கட்டைவிரலால் அழுத்தினார், உதிர்ந்த தூளை ஊதிவிட்டார்.

"தேய்ந்து போனது இல்லை அம்மா. உப்புக் காற்றில் செத்திருக்கிறது" என்றார்.

உப்பு இல்லை பெரியவரே, ஈரம் என்றேன். "எதுவானால் என்ன, கடல் பக்கத்து ஊர் தானே?" என்று கேட்டுவிட்டுக் கத்தியை எடுத்தார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

எங்கே போட்டுக்கொண்டு போகப்போகிறீர்கள் என்று அவர் கேட்டதுதான் எனக்கு நம்பிக்கை தந்தது. ஷோரூமில் கேட்கவில்லை. தங்கை லாஸ் வேகஸில் இருக்கிறாள். அங்கிருந்து காரில் போய் கலிஃபோர்னியாவின் பாலைவனப் பள்ளத்தாக்கான டெத் வேலியில் ஒரு மலை ஏறப் போகிறேன், பாதையே கிடையாது, முழுக்கக் கல் என்றேன். உருளும் கல்லா, ஊன்றிய கல்லா என்று கேட்டார். இரண்டும் என்றேன். உடனே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்: நடுவில் ஈ.வி.ஏ. என்கிற நுரை ஷீட், அடியில் ஆழமான பல் வைத்த கெட்டி ரப்பர். சர்க்கரை நோயாளிகளின் செருப்புக்கு வைக்கிற எம்.சி.ஆர். வேண்டாமா என்று கேட்டேன். "அது மெத்தை அம்மா. உங்களுக்கு வேண்டியது பலகை."

வேலை நடப்பதைக் கூடவே உட்கார்ந்து பார்த்தேன். பழைய நுரையை மிச்சம் மீதி இல்லாமல் சுரண்டி, தோலின் அடிப்புறத்தை அரத்தால் சொரசொரப்பாக்கி, சொல்யூஷனை ஒரு பூச்சு பூசிக் காயவிட்டார். அதன்மேல் இன்னொரு பூச்சு. உடனே சேர்த்து ஒட்டிவிடவில்லை. விரல் நுனியால் தொட்டுப் பார்க்கிறார், காத்திருக்கிறார், மறுபடி தொடுகிறார். பசை விரலோடு இழுபட்டும் விரலில் ஒட்டாமல் வரும் அந்தப் பதத்தில்தான் இரண்டையும் சேர்த்துச் சுத்தியால் தட்டினார். கார்த்திகை மாதம், தூறல் விழத் தொடங்கியதும் இரண்டாவது பூட்ஸை அப்படியே ஓரம் கட்டிவிட்டார். ஈரக் காற்றில் பூசினால் பசைமேல் பனி படியும், பிறகு ஒரே இழுப்பில் பிரிந்து வரும் என்றார். முற்றிலும் சரியான வேதியியல். அதன் விலை என்னவென்றால், வியாழக்கிழமை தருவதாகச் சொன்னது அடுத்த வாரம் வரை இழுத்தது. போன் செய்தால் நாளைக்கு, நாளைக்கு. அவசரக்காரர்கள் மழைக்காலத்தில் இவரிடம் போக வேண்டாம்.

கூலி, பொருள் எல்லாம் சேர்த்து 1,600 ரூபாய். ரசீது கிடையாது. பேரனின் கூகுள் பேயில் போடச் சொன்னார்.

இனி மலை. நாங்கள் ஏறியது பிரமிட் பீக். டெத் வேலியை ஒட்டிய ஃபியூனரல் மலைத்தொடரில் மிக உயர்ந்தது, 6,703 அடி. நம் தொட்டபெட்டாவைவிடத் தாழ்வு. டெத் வேலிக்கு வருகிற கூட்டம் கடல் மட்டத்துக்கு 282 அடி கீழே இருக்கும் பேட்வாட்டர் உப்புத் தரையில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடும். 1913 ஜூலையில் 56.7 டிகிரி வெயில் பதிவான பள்ளத்தாக்கு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும். பிரமிட் பீக்கை 190ஆம் நெடுஞ்சாலையில் போகிற எல்லோரும் கண்ணாடி வழியாகப் பார்க்கிறார்கள், ஏறுகிறவர்கள் அபூர்வம். நாங்கள் போனது ஜனவரியில். கோடையில் அங்கே ஏற நினைப்பது தற்கொலை முயற்சி.

பர்வதமலையில் கடப்பாரைப் படியாவது உண்டு. இங்கே ஒரு அம்புக்குறி, ஒரு பெயின்ட் கோடு, ஒன்றும் இல்லை. வண்டியை விட்டு இறங்கியதும் மலை எதிரே கைக்கெட்டும் தூரத்தில் நிற்பதுபோல இருக்கும். வெள்ளம் காலங்காலமாக அடித்துக்கொண்டு வந்து கொட்டிய சரளைச் சரிவில் கிரியோசோட் புதர்களைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே இருப்போம், மலை அங்கேயே நிற்கும். அந்தச் சரளையில் புதுச் சோலைப் பற்றி எனக்கு நினைப்பே வரவில்லை. காலணிக்கு இதைவிடப் பெரிய பாராட்டு வேண்டியதில்லை. தண்ணீர் முழுவதும் முதுகில்தான், வழியில் ஒரு சொட்டு கிடைக்காது. அந்தப் பாரத்தோடு நடந்தும் உள்ளங்கால் வலிக்கவில்லை. பெரியவர் சொன்ன பலகையின் அருமை அங்கே தெரிந்தது.

சோதனை சுண்ணாம்புப் பாறையில் தொடங்கியது. எப்போதாவது பெய்யும் மழை அந்தக் கல்லைக் கரைத்துக் கரைத்து, மேற்பரப்பு முழுவதும் அரிவாள்மணை விளிம்புகளாக நிறுத்தியிருக்கிறது. கை வைத்தால் தோல் கிழியும். பெரியமேட்டு ரப்பரோ அதில் பல்லி போலப் பிடித்தது. சரிவான பாறையில் முன்னங்காலை மட்டும் ஊன்றி ஏறும்போதும் வழுக்கவில்லை. தங்கை கணவர் போட்டிருந்தது அமெரிக்காவில் வாங்கிய பெயர்பெற்ற பூட்ஸ். பாதி ஏற்றத்தில் என் காலைப் பார்த்துவிட்டு, "அக்கா, இதை எங்கே வாங்கினீர்கள்?" என்று கேட்டார். பெரியமேட்டில் என்றேன். அவர் திருச்சிக்காரர், பெரியமேடு ஏதோ புது நிறுவனம் என்று நினைத்திருக்கிறார்.

இறக்கத்தில்தான் குறை தெரிந்தது. உருளும் கல் சரிவில் குதிகாலைக் குத்தி இறங்க வேண்டும். குத்துவதற்கு, குதிகால் பகுதிக்கு முன்னால் சோலில் ஒரு படி வெட்டியிருக்க வேண்டும். பெரியவர் வைத்தது முன்னிருந்து பின்வரை ஒரே தட்டை. கல்லோடு கல்லாக நானும் சறுக்கினேன். சறுக்கிய இடத்தில் உருண்டையான முள்கள்ளிக் கூட்டம் ஒன்று காத்திருந்தது. தங்கை கணவர் என் பையைப் பிடித்து நிறுத்தினார்.

இன்னொன்று தையல். பசையை மட்டும் நம்பாமல் ஓரம் முழுக்க மெழுகு தடவிய நைலான் நூலில் தைத்துக் கொடுத்திருந்தார். நல்ல எண்ணம்தான். ஆனால் அடியில் பள்ளம் கீறி நூலை உள்ளே புதைக்கவில்லை, மேலோடு ஓடியது. வீட்டுக்கு வந்து திருப்பிப் பார்த்தால் வலது கால் பெருவிரல் பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு நூல் இருந்த சுவடே இல்லை. ஊசி போன துளைகள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன, ஒவ்வொன்றிலும் வெள்ளைச் சுண்ணாம்புத் தூள். அந்த இடத்தில் கத்தி முனையை நுழைத்து நெம்பிப் பார்த்தேன். பசை விடவில்லை. தூறலுக்காகக் காத்திருந்தது வீண் போகவில்லை.

எடையும் கூடிவிட்டது. பழைய அடியோடு ஒப்பிட்டால் இது கனம்; மாலையில் தொடை சொல்லும். ஏலகிரி, கொல்லிமலை என்று போகிறவர்களுக்கு இவ்வளவு கெட்டி ரப்பர் தேவையே இல்லை, மெல்லியதாகக் கேளுங்கள்.

ஊர் திரும்பியதும் பூட்ஸைக் கொண்டுபோய்க் காட்டினேன். பெரியவர் துளைகளில் இருந்த தூளை நகத்தால் நோண்டிப் பார்த்தார். "பள்ளம் கீறினால் ரப்பர் அங்கே பலவீனமாகும் என்று விட்டேன்" என்றார். எனக்கு அது முழுச் சமாதானமாகப் படவில்லை. கெட்டி ரப்பரில் மெல்லிய கீறல் தாங்கும். கடைசியில் கீறியே தைத்தார், குதிகால் படியும் வெட்டினார். அதற்கு 250 ரூபாய் வாங்கிக்கொண்டார். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலைக்குத் தனிக் கூலி என்பதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

நீங்கள் போவதாக இருந்தால் தை முதல் ஆனி வரை போங்கள். படியையும் பள்ளத்தையும் வாய்விட்டுக் கேளுங்கள், கேட்காமல் செய்ய மாட்டார். மேல்தோல் வெடித்த பூட்ஸைக் கொண்டுபோகாதீர்கள், திருப்பி அனுப்பிவிடுவார். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் போய்விடுவார். மூன்று மணிக்கு மேல்தான் ஆளைப் பிடிக்க முடியும்.