பழைய படத்தை அகலமாக இழுக்கும் புரொஜெக்டர்

இந்த புரொஜெக்டரின் விலை இங்கே மலேசியாவில் ஆயிரம் வெள்ளிக்குக் (ரிங்கிட்) கீழே இறங்கிவிட்டது, இப்போது வாங்கலாமா என்று கூலிமில் இருக்கும் நண்பர் கேட்கிறார். அவர் கேட்ட வாரத்தில்தான் என்னுடையது ஈப்போவில் பழுது பார்க்கப்பட்டு வீட்டுக்குத் திரும்பியது. எத்தனை லுமென், எத்தனை அங்குலம் என்பதெல்லாம் அட்டைப்பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறார்கள். வெளிச்சத்தை அளக்கும் அந்த லுமென் கணக்கை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ‘ஆன்சி’ அல்லது ‘ஐஎஸ்ஓ’ என்ற அளவுத் தரத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் அந்த எண்ணை நம்ப முடியாது. மற்றபடி நான் சொல்ல வேண்டியது பெட்டியில் எழுதாத ஒரு விஷயம்.

இந்தக் கருவி பழைய படங்களை அகலமாக இழுக்கிறது. நிறுத்தச் சொன்னால் நிறுத்துகிறது. அணைத்துவிட்டு மறுபடி போட்டால் சொன்னதை மறந்துவிட்டுத் திரும்பவும் இழுக்கிறது.

தமிழின் முதல் சினிமாஸ்கோப் (அகலத்திரை) படம் 1973-ல் வந்த ‘ராஜராஜ சோழன்’. அதற்கு முந்தைய நம் படங்கள் நான்கு பங்கு அகலத்துக்கு மூன்று பங்கு உயரம் என்ற கணக்கை ஒட்டியே எடுக்கப்பட்டவை. இந்த புரொஜெக்டர் காட்டும் சட்டமோ பதினாறுக்கு ஒன்பது. பழைய படத்தை அதில் சரியாகக் காட்ட வேண்டுமானால் இரண்டு பக்கமும் கறுப்பாக விட்டே ஆக வேண்டும். அப்படி விடாமல் சுவரை நிரப்பினால், திரையில் இருக்கும் ஒவ்வொரு முகமும் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக அகன்றுவிடும். மூன்றில் ஒரு பங்கு என்பது சாதாரணமில்லை. ஒல்லியான நாகேஷ்கூட நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்தவராகத் தெரிவார்.

சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) சனிக்கிழமை இரவுகளில் என் வீட்டுப் பக்கச் சுவரில் படம் போடுகிறேன். நாற்காலிகளை அவரவரே தூக்கிக்கொண்டு வருவார்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் ரப்பர் தோட்டத்து லயங்களிலிருந்து, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலிருந்து, வெளியேறி இங்கே வீடு வாங்கியவர்கள் அல்லது அவர்களுடைய பிள்ளைகள். பக்கத்து வீட்டு மலாய் அம்மாவும் வருவார், மக்சிக் என்று கூப்பிடுவோம். மலாய் வசன வரிகள் இருந்தால் கடைசிவரை உட்கார்ந்து பார்ப்பார். தேநீர் அவர் வீட்டிலிருந்து வரும், பக்கோடா எங்கள் வீட்டிலிருந்து.

ஒரு சனிக்கிழமை ‘பாசமலர்’ போட்டேன். ரிமோட்டை என் மகனிடம் கொடுத்துவிட்டு வயரைச் சரிசெய்துகொண்டிருந்தேன். படம் ஓடத் தொடங்கிச் சற்று நேரம் ஆனபின் முன்வரிசையில் இருந்த பெரியம்மா திரும்பி, “இது யாரப்பா? சிவாஜியைப் போலவே இருக்கிறார், ஆனால் சிவாஜி இல்லையே” என்று கேட்டார். அவர் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர், ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுப்பதைத்தான் அப்படிச் சொல்வோம். இருட்டில் நெற்றி விளக்கோடு ஒவ்வொரு மரத்தையும் அடையாளம் கண்டவர். அவருடைய கண்ணைக் குறைசொல்ல முடியாது. சுவரில் இருந்தது சிவாஜியின் முகமே அல்ல. கன்னங்கள் காதுவரை பரவிய வேறு யாரோ. ரிமோட்டை வாங்கி, அமைப்பு, படம், மேல்நிலை, அளவு என்று நான்கு படிகள் இறங்கி மாற்றினேன். பெரியம்மா, “ஆ, இவர்தான்” என்றார்.

அவர் ஏன் உடனே கண்டுபிடித்தார் என்பது பிறகு பேசும்போது தெரிந்தது. தோட்டத்தில் திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தில் அவர் எல்லாப் படத்தையும் பார்த்திருக்கிறார். கூட்டம் நெருக்கினால் துணிக்குப் பின்பக்கம் போய் உட்காருவார்களாம். அங்கே படம் கண்ணாடியில் தெரிவது போல் இடம் வலமாகத் தெரியும். எம்.ஜி.ஆர். இடது கையில் வாள் பிடித்ததை இந்த ஊரில் பார்த்த தலைமுறை அது. ஆனால் அந்தத் துணியில்கூட முகத்தின் அளவு மாறவில்லை. அங்கே ஓடிய பதினாறு மில்லிமீட்டர் பிலிமும் அதே நான்குக்கு மூன்று சட்டம்தான். கம்பத்தில் கட்டிய துணி கெடுக்காததை இத்தனை தொழில்நுட்பம் வந்த பிறகு ஒரு கருவி கெடுக்கிறது என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

படம் இழுபட்டிருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் கதாநாயகியின் நெற்றியைப் பாருங்கள். பொட்டு வட்டமாக இருந்தால் எல்லாம் சரி. கோழிமுட்டையைப் படுக்கவைத்தது போல் இருந்தால் உடனே ரிமோட்டைத் தேடுங்கள். பாத்திரத்தின் வாய், மாட்டுவண்டிச் சக்கரம், முழுநிலவு எல்லாம் உதவும். ஆனால் பொட்டு ஏறக்குறைய எல்லாக் காட்சியிலும் இருக்கும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இணையத்தில் கிடைக்கும் பழைய படங்களில் பலவற்றை ஏற்றியவர்களே இழுத்துவைத்திருக்கிறார்கள். அதற்கு இதே கருவியில் மருந்து இருக்கிறது: அளவை நான்குக்கு மூன்று என்று வைத்தால் இழுபட்ட படம் மறுபடி சுருங்கி ஒழுங்காகிவிடும். ஆனால் மேலேயும் கீழேயும் வெட்டி அகலமாக்கியவற்றுக்கு மருந்தே கிடையாது. உயரத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு போய்விடும். எனக்கு முதலில் கிடைத்த ‘தில்லானா மோகனாம்பாள்’ அப்படிப்பட்டது. 1968-ல் பத்மினி ஆடிய ஆட்டம், பாதம் இல்லாமல். சலங்கைச் சத்தம் கேட்கிறது, சலங்கையைக் காணோம். அன்று நான் படத்தை நிறுத்திவிட்டேன், யார் திட்டினாலும் பரவாயில்லை என்று.

திட்டத்தான் செய்தார்கள். லாரி ஓட்டி ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் எங்கள் கூட்டத்தில் இருக்கிறார். பக்கத்தில் கறுப்பு விட்டால் அவருக்குப் பொறுக்காது. “இவ்வளவு பெரிய சுவரை வீணாக்குகிறாயே தம்பி” என்பார். 2016-ல் ‘கபாலி’ இங்கே திரைக்கு வந்தபோது, கடைசியில் கபாலி போலீசில் சரணடைந்துவிட்டதாக ஒரு வரியைச் சேர்த்துக் காட்டினார்கள். அதைச் சொல்லி இன்றுவரை கொதிப்பவர் இதே அண்ணன்தான். கதையில் ஒரு வரியைக் கூட்டினால் அவ்வளவு கோபம் வருகிறதென்றால், நடிகரின் முகத்தையே மாற்றுவதற்கு எவ்வளவு வர வேண்டும்? நான் இதைக் கேட்டேன். அவர், கதை வேறு, சுவர் வேறு என்றார். அதற்குமேல் நான் வாதாடவில்லை, பக்கோடா ஆறிவிடும்.

கருவியைச் செய்த நிறுவனத்துக்கு எழுதினேன். படம் திரையை நிரப்புவதையே வாடிக்கையாளர்கள் விரும்புகிறார்கள் என்று பதில் வந்தது. விரும்புகிறவர்கள் விரும்பட்டும். நான் கேட்டது, ஒருமுறை வைத்த அளவை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பது மட்டும்தான். இதே கருவி நான் வைத்த ஒலி அளவை நினைவில் வைத்திருக்கிறது. வெளிச்ச அளவு, மொழி எல்லாம் அப்படியே இருக்கின்றன. படத்தின் வடிவத்தை மட்டும் மறக்கிறது. பென்டிரைவிலிருந்து எச்டிஎம்ஐ வயருக்கு மாறினால்கூட மறக்கிறது. இதை வடிவமைத்தவர்கள் யாரும் ஒரு பழைய படத்தை முழுதாக இதில் பார்த்திருக்க மாட்டார்கள்.

நியாயமாகவும் பேச வேண்டும். அளவு சரியாக இருக்கும்போது இந்தக் கருவி தருவது வேறு எதிலும் எனக்குக் கிடைக்காதது. அதே ‘பாசமலர்’ படத்தில் சாவித்திரியின் கண்கள் சுவரில் ஆள் உயரத்துக்கு வருகின்றன. இமை ஓரத்தில் நீர் சேர்வது தெரிகிறது. அது உடனே வழிவதில்லை. நின்று, கனத்து, பிறகு இறங்குகிறது. இந்தப் படத்தைத் தொலைக்காட்சியில் எத்தனையோ முறை பார்த்தும் கண்ணீர் எப்போது தொடங்குகிறது என்று நான் கவனித்ததில்லை. 1961-ல் கொட்டகையில் பார்த்தவர்கள் ஏன் அப்படி அழுதார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. இளைஞர்கள்கூடக் கைத்தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டார்கள்.

புதிய படங்களில் நிலைமை தலைகீழ். வடிவத் தொல்லை இல்லை, ஆனால் இருட்டு இல்லை. கறுப்பைக் கறுப்பாகக் காட்ட இந்தக் கருவிக்குத் தெரியாது, சாம்பலாகத்தான் காட்டும். 2024-ல் வந்த ‘மெய்யழகன்’ ஏறக்குறைய ஓர் இரவில் நடக்கும் கதை. அந்த இரவில் பாதி எங்கள் சுவரில் மங்கிப்போனது. ஆனாலும் எங்கள் கூட்டத்தை அதிகம் பேசவைத்த புதிய படம் அதுதான். ஓயாத பேச்சு என்று பிள்ளைகள் சலித்துக்கொண்டார்கள். பெரியவர்களுக்கோ ஆரம்பத்தில் அந்தத் தஞ்சாவூர் வீட்டைக் காலிசெய்து கிளம்பும் காட்சியே போதுமாக இருந்தது. லயத்து வீட்டின் சாவியை ஆபீஸில் ஒப்படைத்துவிட்டு வந்தவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் எதற்கு? என் கருத்தில் அது கொஞ்சம் நீளமான படம்தான், ஆனால் அந்த முதல் பகுதிக்காக எத்தனை முறை வேண்டுமானாலும் பார்ப்பேன்.

நம் நாட்டுப் படமான ‘ஜகாட்’டும் போட்டோம். 2016-ல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானது. தோட்டத்தை விட்டு வெளியே வந்த குடும்பத்தில் வளரும் ஒரு பையனின் கதை. எந்த வெளிநாட்டுப் படத்துக்கும் இல்லாத அமைதி அன்று இருந்தது. முடிந்ததும் ஒருவரையொருவர் பார்க்காமலே நாற்காலியை மடித்தார்கள். அடுத்த சனிக்கிழமைதான் பேசினார்கள், அதுவும் அப்பாக்கள் அடித்ததைப் பற்றி.

பழுது பார்த்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மின்விசிறி சத்தம் கூடியது, பிறகு படத்தின் நடுவே சாம்பல் கறை ஒன்று வந்தது. வண்ணப் படத்தில் கண்ணுக்குத் தெரியாது. கறுப்பு வெள்ளையில் வானம் வந்தாலே தெரியும். திறந்து பார்த்தால் உள்ளே தூசியோடு எறும்புக் கூடும் இருந்ததாம். நம் ஊர் ஈரப்பதத்தில் திறந்த வெளியில் வைத்தால் இது வரத்தான் செய்யும், கருவியின் குற்றமில்லை. படம் முடிந்து சூடு ஆறியதும் துணிப்பையில் போட்டுக் கட்டிவையுங்கள். பழுது பார்த்த கடைக்காரர் கூலியை நியாயமாகத்தான் வாங்கினார். அளவை நினைவில் வைக்கும்படி மென்பொருளை மாற்ற முடியுமா என்று அவரிடமும் கேட்டேன். முடியாது என்றார். பழுது நீங்கி வந்த முதல் இரவிலேயே மறுபடியும் இழுத்தது.

ஆகவே என் பதில்: வாங்க வேண்டாம். விலை இன்னும் பாதியாக இறங்கினாலும் வேண்டாம். என்னுடையதை நான் விற்கப்போவதில்லை. சாவித்திரியை அந்த அளவில் பார்த்த பிறகு தொலைக்காட்சிக்குத் திரும்ப முடியாது. ஆனால் புதிதாகப் பணம் கொடுப்பவர் ஒவ்வொரு முறையும் நான்கு படிகள் இறங்கி அவர்கள் மறந்ததைத் திருத்திக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் என்ன?

வேறு மாடல் பார்ப்பதானால் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை பென்டிரைவில் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். அளவை நான்குக்கு மூன்று என்று வைக்கச் சொல்லி, பிளக்கைப் பிடுங்கி, மறுபடி போடச் சொல்லுங்கள். விற்பவர் புதிய சண்டைப் படத்தைப் போட்டுக்காட்டி உங்கள் கவனத்தைத் திருப்பப் பார்ப்பார், விடாதீர்கள். வைத்த அளவு அப்படியே இருந்தால் வாங்கிக்கொண்டு மாடல் எண்ணை எனக்கும் அனுப்புங்கள்.