அன்றாடச் செய்தியைப் பார்த்துச் சிரிக்க: கார்ட்டூனா, மீமா?

வேகத்தில் மீமை மிஞ்ச ஆளில்லை. விக்கெட் விழுந்த மறு நிமிடமே வடிவேலு முகம் வாட்ஸ்அப்பில் வந்துவிடும். 2019 மே மாதக் கடைசியை நினைத்துப் பாருங்கள். உலகக் கோப்பை கிரிக்கெட் தொடங்கவிருந்தது, மோடி இரண்டாவது முறை பதவியேற்கவிருந்தார். அந்த நேரம் பார்த்து ட்விட்டர் ட்ரெண்டிங்கில் ஏறியவர், 2001-ல் வெளியான 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் தலையில் சுத்தியல் விழுந்த காண்ட்ராக்டர் நேசமணி, அதாவது வடிவேலுவின் பாத்திரம்! ஃபேஸ்புக்கில் யாரோ சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டதில் தொடங்கிய கூத்து அது. சினிமா, விளையாட்டு, அரசியல் மூன்றையும் இப்படி ஒரே மூச்சில் கலக்கப் பத்திரிகை கார்ட்டூனால் முடியாது.

ஆனால் மீமை யார் செய்தார்கள் என்றே பெரும்பாலும் தெரியாது. பொய்ச் செய்தியும் அதே வேடத்தில் நுழைந்துவிடும். கார்ட்டூனில் வரைந்தவர் பெயர் இருக்கும், பத்திரிகை பொறுப்பேற்கும். 1987-ல் ஆனந்த விகடன் அட்டையில் எம்.எல்.ஏ.க்களையும் அமைச்சர்களையும் கிண்டலடித்த ஜோக்குக்காக ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்குத் தமிழக சட்டமன்றத்தில் 3 மாதச் சிறை விதித்தார்கள். கடும் எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே விடுவித்தார்கள். மனிதர் அதோடு விடவில்லை. நீதிமன்றம் போய் வென்று, 1,000 ரூபாய் இழப்பீடும் பெற்றார். எவ்வளவு துணிச்சல்!

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? கிரிக்கெட், சினிமா கலாட்டாவுக்கு மீம் தாராளமாகப் போதும். ஆளுங்கட்சியைக் கிண்டலடிக்க, பெயர் போட்டு வரைபவரைத்தான் நான் நம்புவேன்.